மெஷினின் முதுகு எந்தப் பக்கம்

கீழவாடியூர்,
முத்துப்பேட்டை வழி.
18.4.1997, வெள்ளி.

அன்புள்ள தம்பி இராஜாங்கத்துக்கு,

நேற்றுக் காலை ஏழு மணியிலிருந்து இன்று காலை ஏழு மணி வரை நம் வீட்டு மீட்டர் இருபத்தொன்பது யூனிட் ஓடியிருக்கிறது. சொன்னவர் வயர்மேன் பஞ்சநதம். எண்ணை அவர் படித்தபோது நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நீ கப்பலில் அனுப்பிய ஏ.சி. மெஷினை இந்த மாதம் ஆறாம் தேதி பொருத்தினோம். அன்றிலிருந்து அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. போதுமான குளிர் வந்ததும் தானாக நிற்கும், பிறகு தானாக ஓடும் என்று எழுதியிருந்தாய். இங்கே ஓடுவது மட்டும்தான். மதியம் மூன்று மணிக்கு அறைக்குள் முப்பத்து மூன்று டிகிரி. உன் மச்சானுக்கு நேற்று அதே நேரத்தில் உடம்புச் சூடு 101.2.

தஞ்சாவூர் டாக்டர் சொன்னதை உனக்கு முன்பே எழுதினேன். இருந்தாலும் திரும்ப எழுதுகிறேன், ஏனென்றால் அதை நீ சரியாக வாங்கிக்கொண்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. கொள்முதல் நிலையத்தில் லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்ததில் அவருக்கு அடிபட்டது கழுத்துக்குக் கீழே முதுகுத்தண்டில். கை கால் போனது கண்ணுக்குத் தெரிகிறது. நெஞ்சுக்குக் கீழே வேர்வை போனது தெரிவதில்லை. வெயில் ஏறினால் அவர் உடம்பும் கூடவே ஏறும், தானாக இறங்காது. அறை இருபத்தெட்டைத் தாண்டக் கூடாது என்பது டாக்டர் போட்ட கோடு. பங்குனியிலேயே தாண்டிவிட்டது. சித்திரை இப்போதுதான் பிறந்திருக்கிறது.

பஞ்சநதம் இன்னொன்றும் சொன்னார். "நம்ம தெரு டிரான்ஸ்பார்மர் வயசான மாடாட்டம் இருக்குங்க. இந்தப் பெட்டி ராப்பகலா இழுத்தா தாங்காது. ஜூன் பத்துக்குள்ள பாதியா குறைச்சிடுங்க, இல்லன்னா நான் மேல எழுதி உங்க லைன பழையபடி ஒத்தை வெளக்குக்கு மாத்த வேண்டி வரும். எனக்கும் வேற வழி இல்லீங்க."

மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் காளியம்மாள் அதையே வேறு விதமாகச் சொல்கிறாள்: "உங்க வூட்டுக்காரரு ஊட்டியில படுத்திருக்காரு, எங்க வூட்டு பல்பு மின்மினியாட்டம் கண்ண சிமிட்டுது."

நீ எழுதியபடியே மெஷினைப் பொருத்தியாகிவிட்டது. என்ன கோளாறு என்று நீதான் சொல்ல வேண்டும்.

வேம்பு.


ஃபர்வானியா, குவைத்.
28.4.97

அக்கா,

கடிதம் நேற்று வந்தது. போனில் பேசலாம்தான். மூன்று நிமிடத்தில் நீ அழுவாய், நான் கத்துவேன், ஒரு எண்ணும் வந்து சேராது. எழுதியே தீர்ப்போம்.

ஒரு டன் மெஷின், பத்துக்குப் பன்னிரண்டு அறை. நின்று நின்று ஓடினால் ஒரு நாளைக்குப் பதினைந்து யூனிட்டைத் தாண்டவே கூடாது. இங்கே நாற்பத்தெட்டு டிகிரியில் இதே கம்பெனி மெஷினை நான் தினமும் ஆறு வீட்டில் பார்க்கிறேன். அனுப்பும் முன் நானே கேஸ் நிரப்பி, இரண்டு நாள் ஓடவிட்டுத்தான் பெட்டியில் அடைத்தேன். மெஷினில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. வீட்டில் இருக்கும்.

முதலில் கூரை. அரசாங்கத் தொகுப்பு வீட்டுக் கான்கிரீட் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு இரவு முழுவதும் கக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து இரண்டு பூச்சு வெள்ளையடி. கதவடியில் விரல் நுழைகிற சந்து இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது. அதைச் சாக்கால் அடை. ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டால் போதாது, வெளியே கீற்றுத் தட்டி கட்டு. மெஷின் முகப்பில் உள்ள பஞ்சு வடிகட்டியைக் கழற்றி வாரம் ஒருமுறை அலசு.

முத்துப்பேட்டை அஹமது கபீர் விடுமுறையில் வருகிறார். இந்தக் கடிதத்தையும் இரண்டு வெப்பமானிகளையும் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றைக் குளிர்காற்று வருகிற முகப்பில் வைத்துப் பார். இன்னொன்றை மெஷினின் வெளிப்பக்கம், இரண்டு விலாவிலும் சல்லடை மாதிரி இருக்கும், காற்றை உள்ளே இழுக்கிற இடம், அங்கே கட்டு. ஒரே நேரத்தில் இரண்டையும் படித்து எழுது. சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளை எடை போட்டு எழுதுகிறாயே, அப்படி எழுது.

மெஷின் கிழக்குச் சுவரில் ஒரு அடி வெளியே நீட்டிக்கொண்டுதானே இருக்கிறது? அந்தச் சுவருக்கு வெளியே உள்ள மூன்றடி இடத்துக்காக அப்பா பதினாறு நாள் திருச்சி ஜெயிலில் இருந்தார். குடியிருப்பு மனைப் பட்டா வந்தபிறகும் பண்ணை நாகநாதன் அதைத் தன்னுடையது என்கிறார். அந்தப் பக்கம் நம் பொருள் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பது எனக்குக் குளிரைவிடப் பெரிய சந்தோஷம். பார்த்து எழுது. மச்சானிடம் கேட்டதாகச் சொல்.

இராஜாங்கம்.


கீழவாடியூர்,
8.5.97, வியாழன்.

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றைய கணக்கு இருபத்தைந்தே முக்கால் யூனிட். இந்த முறை படித்தது நான்தான். பஞ்சநதம் இன்று மாலை வந்து பார்த்து, சரி என்றார்.

கபீர் மூன்றாம் தேதி நேரில் வந்து பொட்டலத்தைக் கொடுத்தார். மறுநாளே நானும் காளியம்மாளும் கூரை ஏறினோம். நான் கலக்க அவள் பூசினாள். பாதி பூசியதும் வெள்ளையடித்த இடத்திலும் அடிக்காத இடத்திலும் மாறி மாறிக் காலை வைத்துப் பார்த்து, "அடி ஆத்தாடி, இது என்ன மாயம்! எங்க பக்கமும் சேத்துப் பூசிடுறேன்" என்று தன் கூரைக்கும் பூசிவிட்டுத்தான் இறங்கினாள். சாக்கு அடைத்தேன். தட்டி கட்டினேன். வடிகட்டியில் இருந்த அழுக்கைச் சொன்னால் உனக்கு அருவருப்பாக இருக்கும்.

இவ்வளவுக்கும் சேர்த்து மூன்று யூனிட் குறைந்திருக்கிறது. மதியம் அறை முப்பத்தொன்று. மெஷின் இன்னும் நிற்கவில்லை.

நீ கேட்ட அளவு, நேற்று மூன்று மணிக்கு எடுத்தது: முகப்பில் பத்தொன்பது. விலாச் சல்லடையில் நாற்பத்தாறு. வாசலில் நிழலில் முப்பத்தேழு.

இப்போதெல்லாம் எதுவும் வைத்த இடத்தில் இருப்பதில்லை. காலையில் வடித்த சோறு பத்து மணிக்கே வாடை வருகிறது. அரைத்து வைத்த மாவு இரண்டு மணி நேரத்தில் பொங்கிக் குண்டானை விட்டு வழிகிறது. நானும் ஓர் இடத்தில் உட்கார முடியாமல் மீட்டருக்கும் கட்டிலுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறேன். ராத்திரி அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரம் போக மீதி நேரமும் மெஷின் சத்தத்தில் காது அடைத்துவிடுகிறது. உன் மச்சான் மட்டும் சிரிக்கிறார். "குவைத்துல இருந்து வந்த பெட்டி, ஓவர்டைம் பாத்துப் பழகிடுச்சு" என்கிறார்.

கோளாறு எங்கே என்று எழுது. ஜூன் பத்துக்கு முப்பத்து மூன்று நாள் இருக்கிறது.

வேம்பு.


ஃபர்வானியா,
17.5.97

அக்கா,

உன் கடிதத்தில் இரண்டு எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வாசல் நிழலில் முப்பத்தேழு என்றால் மெஷினின் விலாவிலும் முப்பத்தேழோ முப்பத்தெட்டோதான் இருக்க வேண்டும். அது இழுப்பது வெளிக்காற்று. நீ நாற்பத்தாறு என்று எழுதியிருக்கிறாய். முதலில் நீ தவறாகப் படித்தாய் என்று நினைத்தேன். நீ தவறாகப் படிக்கிற ஆள் இல்லை. பிறகு மாவைப் பற்றி எழுதியதைப் படித்தேன்.

மாவு இரண்டு மணி நேரத்தில் பொங்குகிற அளவுக்கு அடுப்படியில் சூடு எங்கிருந்து வருகிறது அக்கா?

மெஷினின் முதுகு அடுப்படிக்குள் இருக்கிறது. கிழக்குச் சுவரில் நீ அதைப் பொருத்தவில்லை. அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கும் வடக்குச் சுவரில் பொருத்தியிருக்கிறாய். நான் சொல்வது தப்பென்றால் எழுது.

மெஷின் சூட்டை அழிப்பதில்லை. மச்சானின் அறையிலிருந்து அள்ளி வேறோர் இடத்தில் கொட்டுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஏழடி அடுப்படியில் கொட்டினால் அது எங்கே போகும்? கொட்டியதையே திரும்ப இழுக்கிறது. மூச்சுத் திணறிக்கொண்டு இரவும் பகலும் ஓடுகிறது. கூரைக்குப் பூசிய சுண்ணாம்பெல்லாம் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர். அதன் முதுகுக்குப் பின்னால் திறந்த வெளி வேண்டும். வேறு வைத்தியமே இல்லை.

ஒரு மாதமாக என்னை எண்களால் ஏமாற்றியிருக்கிறாய். இங்கே நான் ராத்திரி படுத்துக்கொண்டு கம்ப்ரசரா, கேஸா, வோல்டேஜா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஏன் மறைத்தாய்? யாருக்குப் பயந்தாய்?

இராஜாங்கம்.


கீழவாடியூர்,
25.5.97, ஞாயிறு.

தம்பி,

நேற்று மதியம் இரண்டு நாற்பதுக்கு அவருக்கு 103.4. பார்த்தவர் நம் ஊர் நர்ஸ் நஃபீசா. ஈரத்துணி போட்டு, விசிறி, 101-க்கு இறங்கியபோது மணி ஆறு. "இன்னொரு தடவ இப்படி ஏறுச்சுன்னா ஈரத்துணி கேக்காது அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் கடிதம் அதே நேரத்தில் வந்தது. ஆமாம், வடக்குச் சுவரில்தான் இருக்கிறது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஏப்ரல் நான்காம் தேதி காலை கொத்தனார் ரெத்தினம் கிழக்குச் சுவரில் உளி வைத்தார். நாலாவது செங்கல் பெயர்வதற்குள் நாகநாதன் வந்துவிட்டார், கூட எட்டுப் பேர்.

"ஏம்மா வேம்பு, என்ன பெட்டி இது?"

"ஏ.சி.ங்க. இவருக்கு."

"அதோட பொடனி எங்க எடத்துல நீட்டுமாமே?"

"எங்க பட்டாவுல உள்ள எடம்ங்க அது."

"எல்லைக் கல்லு எங்கம்மா? கல்லக் காட்டு. ஒன் தம்பி புடுங்கிட்டுப் போயி மூணு வருஷமாச்சு. ஒங்க வூட்டுச் சூட்ட எல்லாம் அள்ளி எங்க மண்ணுல கொட்டுவீங்க, நாங்க பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

உன் மச்சான் கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தார்: "நாகநாதன் அய்யா, சூட்டுக்கும் குத்தகை உண்டுன்னா சொல்லுங்க, அளந்து போட்டுடறோம்!" கூட வந்தவர்களிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அது வினையாகிவிட்டது. பிற்பகலில் தெருப் பையன்கள் கூடினார்கள். அந்தப் பக்கமும் கூடினார்கள். மாலையில் தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம். சர்வே முடியும்வரை கிழக்குச் சுவருக்கு வெளியே ஒரு பொருளும் நீட்டுவதில்லை என்று யாதாஸ்து, அதாவது ஒப்புதல் குறிப்பு, எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். தெருவில் மறுபடி ஒருவன் மண்டை உடைந்து, நீ கப்பலேறிய மாதிரி இன்னொருவன் ஓட வேண்டாம் என்று நினைத்தேன். அப்பாவின் பதினாறு நாளை நீதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எண்ணாதே. பேனாவைப் பிடித்தபோது எனக்கும் அதுதான் நினைவு வந்தது. உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. எழுதவில்லை.

நீ விட்டுக்கொடுக்காதே என்று குவைத்திலிருந்து எழுதுவாய். மூன்றடி அங்கே உன் கடிதத்தில் இருக்கிறது. நூற்று மூன்று இங்கே என் கையில் இருக்கிறது.

இப்போது புதிதாக ஒன்று. நேற்று முன்தினம் நாகநாதனின் கணக்கப்பிள்ளை ஒரு தாளைக் கொண்டு வந்தார். கிழக்கே உள்ள இடம் பண்ணைக்குச் சொந்தம், அவர்கள் தயவால் அனுமதி பெற்று மெஷினை நீட்டிக்கொள்கிறேன் என்று நான் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே கொத்தனாரை வைத்துக்கொள்ளலாமாம். "மனுஷ உசுருக்கு அய்யா குறுக்க நிக்க மாட்டாருங்க, ஒரு கையெழுத்துதான்" என்றார். ஜூன் பத்து வரை பொறுப்பார்களாம். தேதி அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

தாள் பீரோவில் இருக்கிறது. இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். உன் பதிலுக்காகக் காத்திருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

வேம்பு.


ஃபர்வானியா,
2.6.97

அக்கா,

கையெழுத்துப் போட்டுவிடு.

போன வியாழக்கிழமை சால்மியாவில் ஒரு கட்டிட மொட்டைமாடியில் வேலை. எங்களோடு இருந்த நெல்லூர்க்காரர் ஒருவர் தலை வலிக்கிறது என்று தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தார். நான் போய்த் தொட்டபோது தோல் காய்ந்த ஓலை மாதிரி இருந்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது. அவர் திரும்பி வரவில்லை. நீ எழுதிய டாக்டரின் வார்த்தையை அப்போதுதான் நான் வாங்கிக்கொண்டேன். முன்பு வாங்கிக்கொள்ளவில்லை, நீ சந்தேகப்பட்டது சரி.

இன்னொன்றும் எழுத வேண்டும். மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். எல்லைக் கல்லைப் பிடுங்கியது நான்தான். அதற்காக என்மேல் போட்டது பொய் வழக்கு என்று உன்னிடமும் மச்சானிடமும் சொன்னது பொய். பண்ணை ஆட்கள் அதை ராத்திரியோடு ராத்திரியாக நம் பக்கம் நகர்த்தி நட்டுவிட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பினேன். அளந்து பார்க்கவில்லை. பிடுங்கி வாய்க்காலில் போட்டேன். பிறகு டேப் வைத்துச் சுவரிலிருந்து குழி வரை அளந்தால் சரியாக மூன்றடி. கல் நம் பட்டாவுக்கு ஏற்ற இடத்தில்தான் இருந்திருக்கிறது. நமக்கு இருந்த ஒரே சாட்சியை நானே தண்ணீரில் போட்டேன்.

அதனால் இந்த மூன்றடிக்காக மச்சான் வேக வேண்டாம். தாளைக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே கிழக்குச் சுவரை உடை. அப்பாவிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கபீரின் தங்கை வீட்டுக்காரர் இன்று விமானம் ஏறுகிறார். அவரிடம் கொடுக்கிறேன். எட்டாம் தேதிக்குள் உன் கைக்கு வரும்.

இராஜாங்கம்.


கீழவாடியூர்,
11.6.97, புதன்.

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றுக் காலை முதல் இன்று காலை வரை பதின்மூன்றரை யூனிட். பஞ்சநதம் எண்ணை இரண்டு தடவை படித்து, தன் நோட்டில் எழுதி, "நான் மேல ஒண்ணும் எழுதலீங்க" என்றார்.

உன் கடிதம் எட்டாம் தேதி வரவில்லை, நேற்றுத்தான் வந்தது. அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. நான் தாளில் கையெழுத்துப் போடவில்லை.

போடத்தான் இருந்தேன். மே முப்பதாம் தேதி தாளை எடுத்து அவர் மார்பின்மேல் வைத்து வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "இதப் போட்டுட்டு நான் எந்தக் காத்துல படுத்திருப்பேன்? நாகநாதன் குடுத்த காத்துலயா?" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. "செத்தா எந்தக் காத்தும் வேணாம்" என்றேன். "எனக்கு வேர்வதான் நின்னுபோச்சு, வெக்கம் நிக்கல வேம்பு" என்றார்.

அடுப்படிக்குப் போனேன். அங்கே நிற்க முடியவில்லை. மெஷினின் முதுகுக்குத் திறந்த வெளி வேண்டும் என்று நீ எழுதியதை நினைத்துக்கொண்டு அந்தச் சூட்டிலேயே நின்றேன். மெஷினை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். வெளியை உள்ளே கொண்டுவருவதை யார் தடுப்பார்கள்? அடுப்படி முழுவதும் நம் பட்டாவுக்குள் இருக்கிறது. அதைக் கட்டியது நாம்தான்.

மூன்றாம் தேதி ரெத்தினம் கொத்தனார் ஆஸ்பெஸ்டாஸை இறக்கினார். வடக்கே வாய்க்கால் பக்கம் இருந்த சுவரை முழங்கால் உயரத்துக்கு இடித்தார். கிழக்குப் பக்கச் சுவரைத் தொடவில்லை. இப்போது நம் வீட்டில் அடுப்படி இல்லை, மெஷினுக்குப் பின்னால் ஒரு முற்றம் இருக்கிறது. வெயில் நேராக அடிக்காமல் மெஷினுக்கு மேலே இரண்டடி இடைவெளி விட்டுக் கீற்றுப் போட்டோம். வாய்க்கால் காற்று தாராளமாக வருகிறது. மூன்று மணிக்கு விலாச் சல்லடையில் முப்பத்தேழரை.

காளியம்மாள் தன் அடுப்பில் எனக்குப் பாதியை விட்டுக்கொடுத்திருக்கிறாள். அவள் குழம்பு கொதிக்கிறபோது நான் உலை வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. "ஊட்டிக்கு நான் சமையக்காரி" என்று தெருவில் சொல்லித் திரிகிறாள்.

இடித்த மறுநாள் பிற்பகல் மெஷின் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று எழுந்து ஓடினேன். ஸ்டெபிலைசரில் பச்சை விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. அறை இருபத்தேழு. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஏதோ பறவ கத்துது பாரு, இது எத்தன நாளாக் கத்துது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஏழு நிமிடம் கழித்து மறுபடி ஓடியது. நான்காம் தேதியிலிருந்து அவர் உடம்பு நூறைத் தாண்டவில்லை.

கணக்கப்பிள்ளை நேற்று வந்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். இடித்த இடத்தை நின்று பார்த்துவிட்டு, "பொம்பள அடுப்படிய இடிப்பாளா?" என்று கேட்டார். "இடிச்சிருக்கேங்க" என்றேன்.

இனி உன் விஷயம்.

நீ கல்லைப் பற்றி எழுதியதை உன் மச்சானிடம் வாசித்துக் காட்டினேன். அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு "அளக்காமப் புடுங்கிட்டானே" என்றார். அவ்வளவுதான்.

நான் உன்னிடம் ஒன்றை மறைத்ததால் இவர் ஒரு மாதம் கூடுதலாகக் காய்ந்தார். ஏப்ரலிலேயே சுவரைப் பற்றி எழுதியிருந்தால் மே மாதத்தில் நீ பதில் சொல்லியிருப்பாய். அதனால் இன்னொன்றை மறைக்க எனக்குத் துணிவில்லை. தாலுகாவில் விசாரித்தேன். கல் இல்லாவிட்டாலும் வயல் முனையில் மூன்று எல்லைகள் கூடும் இடத்தில் உள்ள முச்சந்திக் கல்லிலிருந்து சங்கிலி பிடித்து அளப்பார்கள் என்று சர்வேயர் சொன்னார். ஆனால் பழைய கல் எங்கே நின்றது, என்ன ஆனது என்று இரு தரப்பையும் கேட்டு எழுதிக்கொள்வாராம். என்னைக் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். அது நம் மூன்றடிக்கு உதவும். உன் வழக்குக்கு உதவாது. நீ விமானத்தை விட்டு இறங்குவது இன்னும் தள்ளிப் போகும். இரண்டும் எனக்குத் தெரியும்.

நீ வேண்டாம் என்றால் அதையும் கேட்க வேண்டியவள் நான். இந்தக் கடிதம் உன்னிடம் வந்து உன் பதில் திரும்ப நாள் போதாது. அதனால் விடுமுறை முடிந்து நாளை குவைத்துக்குக் கிளம்பும் கபீரிடமே கொடுத்து, உன் கையிலேயே சேர்க்கச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, பதினைந்தாம் தேதி, நம் நேரம் காலை பத்து மணிக்குக் கபீரின் அம்மா ஜன்னத் பீவி வீட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், நீ கூப்பிடு. காளியம்மாள் இவரைப் பார்த்துக்கொள்வாள். நீ கத்தினாலும் சரி, நான் அழ மாட்டேன்.

தாலுகா ஜமாபந்தியில், எல்லையை அளக்கக் கேட்ட நம் மனு பதினேழாம் தேதி எடுக்கப்படும். சர்வேயர் வருவது பத்தொன்பது, வியாழன், காலை பதினோரு மணி.

வேம்பு.